உணவுப் பொட்டல உறைகளைச் சேர்ப்பது எப்படி: பிரிப்பது முதல் அடுக்குவது வரை

பிஸ்கட் சுற்றுத்தாள், தேயிலை அட்டைப்பெட்டி, சிப்ஸ் பை, மீன் டின், ஜாம் பாட்டில் லேபிள் எல்லாம் உள்ளே இருப்பது தீர்ந்த மறுநிமிடம் குப்பைக்குப் போகிறவை. இவற்றைச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பல வருடங்களாக நானும் சேர்க்கிறேன். புதிதாகத் தொடங்கிய பலரின் பக்கத்தில் உட்கார்ந்து உதவியும் இருக்கிறேன். ஆர்வம் குறைந்து யாரும் இதை விட்டதாகத் தெரியவில்லை. வேலையின் வரிசை தவறித்தான் பலருக்குச் சேகரிப்பு கெட்டுப்போகிறது. படம் எடுக்கும் முன் பிரிக்கிறார்கள், குறிப்பு எழுதும் முன் கழுவுகிறார்கள், காயும் முன் அடுக்குகிறார்கள். மூன்றில் எது நடந்தாலும், திரும்பக் கிடைக்காத ஏதோ ஒன்று போய்விடும்.

எனவே செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். டப்பா, பை, சுற்றுத்தாள், பெட்டி, லேபிள் எல்லாவற்றையும் சேர்த்து ‘உறை’ என்று சொல்லியிருக்கிறேன்.

1. எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

எல்லை போடாமல் தொடங்கினால் சில மாதங்களிலேயே வீட்டில் இடம் தீரும். இடம் தீர்ந்ததும் அவசரமாகக் கழிப்பீர்கள். அப்போது தூக்கிப் போடுவது பெரும்பாலும் சாதாரண உறைகளாகத்தான் இருக்கும்.

எல்லையைப் பலவிதமாகப் போடலாம். ஒரே பொருள், உதாரணமாகத் தேயிலை மட்டும். ஒரே வடிவம், உதாரணமாகச் சாஷே மட்டும். பாலாடைக்கட்டி லேபிள்களை மட்டும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரைப் பொட்டலம் மட்டும் சேர்ப்பவர்களும், ஆரஞ்சுப் பழத்தைச் சுற்றி வரும் மெல்லிய தாளை மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. எனக்குப் பிடித்த எல்லை வேறு: ஒரு குடும்பம் ஒரு வருடத்தில் வாங்கிய எல்லா உணவு உறைகளிலும் ஒவ்வொன்று. இதில் அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்க இடமில்லை. அதனால் உப்புப் பையும் தப்பிப் பிழைக்கிறது.

உப்புப் பை ஏன் முக்கியம்? அழகான டின்னைப் பலரும் வைத்துக்கொள்கிறார்கள், அதில் ஊசி நூல் போடுகிறார்கள். உப்புப் பையை யாரும் வைப்பதில்லை. ஐம்பது வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போவது அதுதான். ராபர்ட் ஓபி 1963-இல், தன் 16-ஆவது வயதில், ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் ஊரில் ஒரு இனிப்பு உறையை எறியாமல் வைத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்த சேகரிப்புதான் இன்று லண்டனில் ‘மியூசியம் ஆஃப் பிராண்ட்ஸ்’ என்ற அருங்காட்சியகமாக இருக்கிறது.

புதியவர்களின் முதல் தவறு, பழைய டின்களைப் பணம் கொடுத்து வாங்குவதில் தொடங்குவது. கையில் பழக்கம் வருவதற்குள் விலையுள்ள பொருளைக் கழுவிக் கெடுத்துவிடுகிறார்கள். முதல் நூறு உறைகள் உங்கள் சமையலறையிலிருந்தே வரட்டும். அவற்றில் இரண்டைக் கெடுத்தாலும் நாளைக்கே மறுபடி வாங்கிவிடலாம்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

மடங்காத சிறு கத்தரிக்கோல், முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தி, பக்கவாட்டில் வெட்டும் டின் திறப்பான், மென்மையான தூரிகை, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, பஞ்சுத் துணி, ஒற்றுத்தாள், எண்ணெய் ஒட்டாத பேக்கிங் தாள், கனமான இரண்டு புத்தகங்கள், 2பி பென்சில், அளவுகோல். டின் வேலைக்குத் தடித்த கையுறை.

சேமிக்க அமிலம் இல்லாத தாள், அமிலம் இல்லாத அட்டைப்பெட்டி, பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் கவர்கள். கவர் வாங்கும்போது என்ன பிளாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்கள். பிவிசி கவர் வேண்டவே வேண்டாம். அதை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் வெளியே கசிந்து, மையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். மென்மையாக வளைந்து, கடும் பிளாஸ்டிக் வாடை அடிக்கும் கவர் என்றால் சந்தேகப்படுங்கள்.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன்: செல்லோ டேப், ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர், பசைக்குச்சி, லாமினேஷன் தாள். டேப் மஞ்சளாகிக் கறையை விட்டுப் போகும். ரப்பர் உருகி ஒட்டும். ஊசி துருப்பிடிக்கும். லாமினேஷன் செய்த உறையை மீட்க வழியே கிடையாது.

3. பிரிக்கும் முன் படம் எடுங்கள்

சேகரிப்பு தொடங்குவது இங்கேதான், பிரித்த பிறகு இல்லை. வடிவமைப்பாளர் வரைந்தது நிரம்பிய பொட்டலத்துக்காக. சிப்ஸ் பை நைட்ரஜன் அடைத்து உப்பியிருக்கும்போது, நடுவில் இருக்கும் படம் நம்மை நோக்கிப் புடைத்து வரும். காலிப் பையைத் தட்டையாக்கிப் பார்த்தால் அதே படம் அகலமாக, உயிரில்லாமல் கிடக்கும். அந்தப் புடைப்பைப் பிறகு எதை அடைத்தும் திரும்பக் கொண்டுவர முடிவதில்லை.

ஆறு பக்கமும் படம் எடுங்கள். ஒரு படத்திலாவது அளவுகோல் பக்கத்தில் இருக்கட்டும். ஜன்னல் ஓர வெளிச்சம் போதும், நேர் வெயிலும் ஃப்ளாஷும் வேண்டாம். தயாரிப்புத் தேதியையும் பேட்ச் எண்ணையும் நெருக்கமாகத் தனிப் படமாக எடுங்கள். பல உறைகளில் இவை மற்ற எழுத்துகளோடு அச்சானவை அல்ல. பொட்டலம் அடைக்கும் இடத்தில் கடைசியாகத் தெளிக்கப்படும் மை அது. விரல் ஈரமும் சோப்பும் பட்டால் கலைந்துவிடும். தேதி அழிந்துபோன உறையோடு வந்து நின்ற புதியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கணக்கில்லை.

முடிந்தால் கடை அலமாரியிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்குப் பக்கத்தில் நின்றது, எந்த உயரத்தில் இருந்தது என்பதும் அந்த வடிவமைப்பின் ஒரு பகுதிதான். பக்கத்தில் நிற்பவை எல்லாம் சிவப்பாக இருக்கும் இடத்தில்தான் ஒரு வெள்ளைப் பெட்டி ஏன் வெள்ளை என்று புரியும்.

4. வடிவத்துக்கு ஏற்றபடி பிரியுங்கள்

எல்லா உறைக்கும் ஒரு பொதுவிதி: முகப்பைத் தொடாமல், பின்புறமோ அடிப்புறமோ வழியாகத் திறக்க வேண்டும்.

பை: மேல் ஒட்டைப் பிய்க்காதீர்கள். பிளாஸ்டிக் படலம் பிய்க்கும்போது எந்தப் பக்கம் ஓடும் என்று நம் கையில் இல்லை. அடி ஒட்டுக்குச் சற்று மேலே கத்தரிக்கோலால் நேராக வெட்டுங்கள். தட்டையாக விரித்து வைக்க வேண்டுமென்றால் பின்பக்க நடு ஒட்டோடு வெட்டலாம். முடிந்தால் இரண்டு வாங்கி, ஒன்றைப் பையாகவும் மற்றொன்றை விரித்தும் வையுங்கள்.

அட்டைப்பெட்டி: பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டிய ஒரு மடிப்பு இருக்கும். வெண்ணெய்க் கத்தியை ஒரு முனையில் நுழைத்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே பிரியுங்கள். அவசரப்பட்டால் அட்டையின் மேல்தோல் உரியும். பிரிந்ததும் அந்த மடிப்பின் உட்பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன நிறக் கட்டங்கள், அச்சகத்தின் பெயர், பதிப்பு எண் எல்லாம் அங்கே ஒளிந்திருக்கும். எத்தனை மையில் அச்சிட்டார்கள் என்பதை அந்தக் கட்டங்களை எண்ணியே சொல்லிவிடலாம். கடையில் இதை யாரும் பார்ப்பதில்லை, சேகரிப்பவருக்கு மட்டும் கிடைக்கும் பக்கம் அது.

உணவு டின்: அடிப்பக்கத்திலிருந்து திறங்கள். மேல் மூடியும் இழுக்கும் வளையமும் அப்படியே இருக்க வேண்டும், ஏனென்றால் டின்னின் காலத்தைச் சொல்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. கையுறை இல்லாமல் விளிம்பைத் தொடாதீர்கள்.

குளிர்பான டின்: நிரம்பிய டின்னை அப்படியே வைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. வருடங்கள் ஓடும்போது உட்பூச்சு எங்காவது விட்டு, அலுமினியம் அரித்து, ஊசிமுனைத் துளையில் பானம் கசியும். கீழே இருக்கும் அட்டைப்பெட்டிகள் எல்லாம் போய்விடும். டின்னை நன்றாகக் குளிரவைத்து, கிண்ணத்தின் மேல் கவிழ்த்துப் பிடித்து, அடியில் இரண்டு சிறு துளைகள் போட்டு வடித்துவிடுங்கள்.

பால், பழச்சாறு வரும் அட்டைப் பொட்டலம்: இது காகிதம், பாலிஎத்திலீன், அலுமினியம் என்று பல அடுக்குகள் கொண்டது. மூலை மடிப்புகளில் பால் தங்கும். குடித்து முடித்த அன்றே அடியை வெட்டி, காதுகளை விரித்துக் கழுவ வேண்டும். நாளை பார்க்கலாம் என்றால் வாடையைப் போக்கவே முடியாது.

பாட்டில் லேபிள்: பாட்டிலோடு வைக்க இடமிருந்தால் கழற்றாதீர்கள். கழற்றுவதாக இருந்தால் முதலில் ஒரு மூலையில் ஈரப் பஞ்சை வைத்து மை கரைகிறதா என்று பாருங்கள். கரையவில்லை என்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள், பழைய பசை தானாக விடும். ஸ்டிக்கர் வகைக்குத் தண்ணீர் உதவாது. தலைமுடி உலர்த்தியால் சூடுகாட்டி, மூலையிலிருந்து மெல்ல உரிக்க வேண்டும்.

5. கழுவும் முன் பதிவு எழுதுங்கள்

ஒவ்வொரு உறைக்கும் ஓர் எண். வருடமும் வரிசை எண்ணும் சேர்ந்தால் போதும்: 2025-0041. பொருளின் பெயரின் முதலெழுத்து, நிறத்தின் குறியீடு என்றெல்லாம் எண்ணுக்குள் நுழைக்காதீர்கள். பெயரும் வகையும் மாறும்போது எண்ணும் பொய்யாகிவிடும்.

எழுத வேண்டியவை: பொருளின் பெயர், தயாரித்தவர், எடை, அச்சிட்ட விலை, பேட்ச் எண், தேதிகள், பார்கோடு எண், உறையின் பொருள், நீள அகல உயரம், எந்தெந்த மொழிகள், எங்கே வாங்கியது, என்று வாங்கியது, யார் கொடுத்தது, இப்போதைய நிலை, எந்தப் பெட்டியில் இருக்கிறது.

எடை என்ற கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெட்டியின் அளவு மாறாமல் உள்ளே இருக்கும் எடை மட்டும் வருடாவருடம் குறைவதைக் காட்டும் ஆதாரம் அதுதான். வாங்கிய இடத்தை எழுதாமல் விட்டால், ஒரே நிறுவனம் இரண்டு நாடுகளில் இரண்டு விதமாக அச்சிட்ட உறைகள் பிற்பாடு பிரிக்க முடியாமல் கலந்துவிடும். யார் கொடுத்தது என்பதோடு அவர் சொன்ன ஒரு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். ‘இந்த டின் காலியானதும் பாட்டி இதில் பொத்தான் போட்டு வைத்திருந்தார்’ என்பது உறையில் எங்கேயும் அச்சாகவில்லை. ஆனால் ஒரு பொட்டலம் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எண்ணை உறையின் மேல் எழுதாதீர்கள். சிறு தாளில் பென்சிலால் எழுதி உறையோடு சேர்த்தே நகர்த்துங்கள். கழுவும்போது தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் கழுவினால் எண்கள் மாறிப்போகும்.

6. சுத்தம் செய்யும்போது குறைவாகச் செய்யுங்கள்

புதிதுபோல் ஆக்குவது நம் வேலை இல்லை. பூச்சியை அழைக்கும் உணவுத் துகளையும், நாள்பட்டால் காறும் எண்ணெயையும் எடுத்தால் போதும்.

பளபளப்பான பைகளில் பெரும்பாலும் மை வெளிப்படலத்தின் உட்பக்கம் அச்சாகி, இன்னொரு படலத்தோடு ஒட்டப்பட்டிருக்கும். மை இரண்டுக்கும் நடுவில் பத்திரமாக இருப்பதால், சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். தேதி தெளித்த இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள். கறை போக ஸ்பிரிட் தடவலாமா என்று கேட்பார்கள். கூடாது, தேதிதான் முதலில் போகும்.

மெழுகுத் தாள், வெண்ணெய்த் தாள், மிட்டாய்க்கு முறுக்கிக் கட்டும் தாள் ஆகியவற்றில் மை மேலேயே இருக்கும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காகிதத்தில் எண்ணெய் ஊறியிருந்தால் மேலே சோள மாவைத் தூவி, ஒரு இரவு விட்டு, தூரிகையால் தட்டிவிடுங்கள். மாவு எண்ணெயை உறிஞ்சும். முழுக்கப் போகாது, ஆனால் பரவுவது குறையும். அட்டைப்பெட்டிக்குத் தண்ணீரே ஆகாது.

டின்னில் தக்காளி போன்ற புளிப்புப் பொருள் இருந்திருந்தால் உடனே கழுவுங்கள். வெட்டிய விளிம்பில் இரும்பு வெளியே தெரிகிறது, புளிப்பு பட்டால் துரு சீக்கிரம் வரும். ஏற்கெனவே இருக்கும் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். துருவோடு அச்சும் சேர்ந்து போய்விடும்.

7. முழுக்கக் காயும் வரை காத்திருங்கள்

தொடக்க நாட்களில் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு டின்களைக் கழுவித் துடைத்து, காய்ந்துவிட்டது என்று நம்பி, செய்தித்தாளில் சுற்றி அடுக்கினேன். மடித்த விளிம்புக்குள் ஈரம் இருந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பிரித்தபோது எல்லாவற்றின் அடியிலும் துருவளையம், பக்கங்களில் செய்தித்தாளின் எழுத்து. ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை.

டின்னைத் துடைத்த பின் தலைமுடி உலர்த்தியால் மிதமான சூடு காட்டி, கவிழ்த்து ஒரு முழு நாள் வையுங்கள். பைகளைக் கொடியில் தொங்கவிடுங்கள், ஆனால் கிளிப் முகப்பில் பட வேண்டாம். லேபிளின் பசைப்பக்கத்தில் பேக்கிங் தாள், முகப்புப் பக்கத்தில் ஒற்றுத்தாள் வைத்து, மேலே கனம் ஏற்றுங்கள். முதல் நாள் ஒற்றுத்தாளை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும்.

இஸ்திரி போட்டுச் சுருக்கம் எடுக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படலம் சுருங்கும், மெழுகு உருகும். ஒரு வாரம் புத்தகத்தின் கீழே இருந்தால் தானாகப் படியும்.

8. ஸ்கேன்

தட்டையான காகிதத்தை 600 டிபிஐ-இல் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். வெள்ளி, தங்கம் மினுங்கும் உறைகள் ஸ்கேனரில் கறுப்பாக விழும், ஏனென்றால் ஒளி ஒரே திசையில் திரும்பிப் போய்விடுகிறது. அவற்றை மெல்லிய வெள்ளைத் துணி வழியாக வரும் பரவலான வெளிச்சத்தில் புகைப்படம் எடுங்கள். கோப்பின் பெயர் சேகரிப்பு எண்ணாகவே இருக்கட்டும்.

9. சேமித்தல்

உறையைக் கெடுப்பவை நான்கு: ஒளி, ஈரம், சூடு, பூச்சி. வெயில் படும் கடைச் சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள், சிவப்பும் மஞ்சளும் போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கும். உறைக்கும் அதேதான். மூடிய பெட்டிதான் நல்லது.

ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள், ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் காகிதத்துக்கு நல்லது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண், சமையலறை அலமாரி, மழை பட்டு ஓதம் ஏறும் வெளிச்சுவர் ஓரம் ஆகிய மூன்றையும் தவிருங்கள். வீட்டின் நடுவில் இருக்கும் ஓர் அலமாரி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், போதும்.

கனமானவை கீழே, லேசானவை மேலே. டின்களைக் காகிதத்தோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். படலங்களுக்கு இடையில் ஒவ்வொரு தாள் வையுங்கள், பளபளப்பான இரண்டு பரப்புகள் நாள்பட ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தவர் கொடுக்கும் பழைய உறைகள்தான் பூச்சியைக் கொண்டுவரும். ராமபாணப் பூச்சி காகிதத்தின் மேற்பரப்பையும் பசையையும் தின்னும். வந்த உறையை நேராகப் பெட்டியில் சேர்க்காமல், காற்றுப் புகாத பையில் மூடி இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். பூச்சி இருப்பது தெரிந்தால் அதே மூடிய பையோடு மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள். வெளியே ஒரு நாள் வைத்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் உறையின் மேல் நீர் கோக்காது.

10. தேதி இல்லாத உறையின் வயதைக் கண்டுபிடித்தல்

உறையில் இருக்கும் அம்சங்களில் எது கடைசியாகப் புழக்கத்துக்கு வந்ததோ, அதற்கு முன்னால் அந்த உறை அச்சாகியிருக்க முடியாது. இந்த ஒரு தர்க்கம் போதும்.

பார்கோடு இருந்தால் பெரும்பாலும் 1974-க்குப் பிந்தையது. அந்த வருடம் ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரின் கடையில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தில்தான் இன்றைய வணிகப் பார்கோடு முதன்முதலாக வாசிக்கப்பட்டது. மூன்று அம்புகள் சுற்றி வரும் மறுசுழற்சிச் சின்னம் 1970-இல் வரையப்பட்டது. கியூஆர் கோடு 1994-இல் ஜப்பானில் உருவானது, உணவு உறைகளுக்கு வர இன்னும் பல வருடம் ஆனது. டின்னிலிருந்து கழன்று தனியே வரும் இழுப்பு வளையம் 1960-களில் பரவியது. கழலாமல் மூடியோடு ஒட்டியே இருக்கும் வளையம் 1975 வாக்கில் வந்தது. அடிப்பக்கத்திலிருந்து திறக்கச் சொன்னது இதற்குத்தான். இணைய முகவரி, தொலைபேசி எண்ணின் இலக்கங்கள், அவுன்ஸிலிருந்து கிராமுக்கு மாறியது எல்லாம் உதவும்.

ஒரு பெரிய தவறு: பார்கோடின் முதல் இலக்கங்களைப் பார்த்து ‘இந்த நாட்டில் செய்தது’ என்று எழுதிவிடுவது. அந்த இலக்கங்கள், நிறுவனம் எந்த நாட்டு அமைப்பிடம் எண் வாங்கியது என்பதை மட்டுமே சொல்கின்றன. தயாரிப்பு வேறு எங்காவது நடந்திருக்கலாம்.

ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்: ‘1975-க்குப் பிறகு’ என்று போடுங்கள், ‘1976’ என்று போடாதீர்கள்.

11. வடிவமைப்பைப் படியுங்கள்

இதற்காகத்தான் மேலே உள்ள பத்துப் படிகளும். ஒற்றை உறையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ‘அழகு’ என்பதற்கு மேல் எதுவும் தோன்றாது. இரண்டை அருகருகே வைத்ததும் கேள்விகள் எழும். ஒரே பொருள் இரண்டு காலத்தில், அல்லது ஒரே பொருள் இரண்டு நாட்டில் என்று ஜோடி சேருங்கள். பிறகு வடிவம், நிறம், படம், எழுத்து, பொடியெழுத்து என்ற வரிசையில் பாருங்கள். வடிவத்தை முதலில் வைத்ததற்குக் காரணம், நம் கண் நேரே படத்துக்கு ஓடிவிடும், வடிவம் கவனத்திலிருந்து நழுவிவிடும்.

வடிவம் பெரும்பாலும் இயந்திரத்தின் கதையைச் சொல்லும். ஸ்வீடனின் டெட்ரா பாக் நிறுவனத்தின் ஆரம்பகாலப் பால் பொட்டலம் நான்முக வடிவில் இருந்தது. தாளைக் குழாயாக்கி, ஒருமுறை குறுக்காகவும் அடுத்தமுறை அதற்குச் செங்குத்தாகவும் நசுக்கி ஒட்டினால் தானாக வருவது அந்த வடிவம். செய்ய எளிது, அடுக்கத்தான் சிரமம். 1963-இல் செங்கல் வடிவப் பொட்டலம் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஒன்று இயந்திரத்துக்கும் மற்றொன்று லாரிக்கும் ஏற்றபடி அமைந்தது என்று புரியும். கிக்கோமான் சோயா சாஸின் மேசைப் பாட்டில் இன்னொரு வகை. கென்ஜி எகுவான் 1961-இல் வடிவமைத்தது. சொட்டு வழியாமல் நிற்கும் மூக்கு, எந்தப் பக்கமும் பிடிக்க வசதியான இடை. அந்த வடிவம் முழுக்க, அதைப் பிடிக்கும் கைக்காக யோசித்தது.

நிறத்துக்கு இயற்கையான பொருள் எதுவும் இல்லை, பழக்கம்தான் பொருளைத் தருகிறது. பிரிட்டனில் வாக்கர்ஸ் சிப்ஸில் உப்பும் வினிகரும் சேர்ந்த சுவை பச்சைப் பையிலும், சீஸும் வெங்காயமும் சேர்ந்தது நீலப் பையிலும் வரும். அங்கே வேறு பல நிறுவனங்களின் பைகளில் இது தலைகீழ். எது ‘சரியான’ நிறம் என்று வளர்ந்தவர்கள்கூட வாதாடுவார்கள். உங்கள் சேகரிப்பில் ஒரே சுவைக்கு எத்தனை நிறம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள், ஒரு மாலைப்பொழுது போதாது.

படம் மாறினால் ஏன் என்று விடாமல் தேடுங்கள். டோப்லரோன் சாக்லேட் உறையிலிருந்து மாட்டர்ஹார்ன் சிகரம் நீக்கப்படுவது 2023-இல் தெரியவந்தது. தயாரிப்பின் ஒரு பகுதி ஸ்லோவாக்கியாவுக்குப் போனதால், ஸ்விட்சர்லாந்தின் அடையாளத்தைப் பயன்படுத்தும் விதி இடம் கொடுக்கவில்லை. மலை போன உறைக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையும் ஒரு சட்டமும் இருக்கின்றன. அமெரிக்காவில் ‘ஆன்ட் ஜெமைமா’ என்ற பான்கேக் மாவின் பெயரும், அதிலிருந்த கறுப்பினப் பெண்ணின் உருவமும் இனவாத வார்ப்பு என்ற விமர்சனத்தால் கைவிடப்பட்டு, 2021-இல் புதிய பெயர் வந்தது. இப்படிப்பட்ட உறைகளைச் சேகரிப்பிலிருந்து எறிய வேண்டாம், விளக்கக் குறிப்பு இல்லாமல் காட்சிக்கும் வைக்க வேண்டாம். அதைப் பார்த்து வலிக்கும் ஒருவர் எதிரே நிற்கலாம்.

மாறாமல் இருப்பதற்கும் காரணம் தேடலாம். லைல்ஸ் கோல்டன் சிரப்பின் பச்சையும் பொன்னிறமும் கொண்ட டின், 1880-களிலிருந்து பெரிய மாற்றம் இல்லாமல் வருகிறது. அதில் செத்த சிங்கமும் சுற்றிலும் தேனீக்களும். விவிலியத்தில் சிம்சோன் சொல்லும் விடுகதை அது. இன்று இனிப்புக்கு அப்படி ஒரு படத்தை யாரும் முன்மொழியவே மாட்டார்கள். பழகிப்போனதால் நிற்கிறது.

எழுத்தில், எந்த மொழி பெரிதாக இருக்கிறது, எது மேலே இருக்கிறது, எது பின்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று அளவுகோல் வைத்து அளந்து எழுதுங்கள். கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் சட்டப்படி வேண்டும் என்பதால், வடிவமைப்பாளர் முகப்பை இரண்டாகப் பங்கிட்டே ஆக வேண்டும். அந்தப் பங்கீட்டை அவர் எப்படித் தீர்த்தார் என்று பார்ப்பது எனக்கு அலுப்பதே இல்லை.

பொடியெழுத்தைக் கடைசியில் வைத்தேன், சேகரிப்பவர்கள் அதிகம் புறக்கணிப்பதும் அதைத்தான். சிலி நாட்டில் 2016-இல் வந்த விதிப்படி சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு, கலோரி மிகுந்த உணவுகளின் முகப்பில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை வேண்டும். எச்சரிக்கை உள்ள உறையில் குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் உருவம் கூடாது. அந்த வருடத்துக்கு முன்னும் பின்னும் வந்த காலைச் சிற்றுண்டிப் பெட்டிகளை ஜோடியாக வைத்தால், சிரித்துக்கொண்டிருந்த விலங்கு போன இடத்தில் கறுப்புக் கட்டம் நிற்கும். நூறு பக்க அறிக்கை சொல்வதை அந்த இரண்டு அட்டைகள் சொல்லிவிடும்.

12. காட்சிக்கு வைத்தல்

அசலை மூன்று மாதத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், ஸ்கேன் எடுத்து அச்சிட்ட நகலை வையுங்கள். சட்டகத்தில் தனித்தனியாக மாட்டுவதைவிட அலமாரிபோல் வரிசையாக வைப்பது பொருந்தும். 1962-இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் 32 கேம்பெல் சூப் டின் ஓவியங்களை லாஸ் ஏஞ்சலஸ் காட்சியகத்தில் முதலில் வைத்தபோது, சுவரோடு ஒட்டிய குறுகலான தட்டில் கடைச் சரக்குபோலவே நிறுத்தினார்கள். அப்போது 32 வகை சூப் விற்பனையில் இருந்தது, அதனால்தான் 32.

13. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்

ஒவ்வொரு பெட்டியையும் திறந்ததும் முதலில் முகருங்கள். காறல் வாடை வந்தால் எங்கோ எண்ணெய் மிச்சம் இருக்கிறது. புளித்த வாடை என்றால் பால் பொட்டலம். மண் வாடை என்றால் பூஞ்சை. அந்த உறையை மட்டும் எடுத்து மூடிய பையில் தனியே வையுங்கள், காரணம் தெரியும் வரை திரும்பச் சேர்க்காதீர்கள்.

பிறகு ஐந்து எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, பதிவில் சொன்ன இடத்தில் அந்த உறைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒன்று கிடைக்கவில்லை என்றாலும் முழுப் பெட்டியையும் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டின் ஒரு பிரதியை வீட்டுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதை முதல் பக்கத்தில் எழுதிவிட்டுக் கொடுங்கள்.